ஒரு சென்டிமீட்டருக்குள்

சிவப்புப் பென்சிலை நுனியில் பிடிக்காமல் நடுவில் பிடித்திருந்தன அந்த விரல்கள். இடது கைக் கட்டைவிரல் விடைத்தாளின் ஓரத்தை அமுக்கிக்கொள்ள, ஆள்காட்டி விரல் எண்களின் பத்தியில் ஒவ்வொரு வரியாக இறங்கியது. விரலோடு சேர்ந்து உதடும் இறங்கியது.

"ஒண்ணு புள்ளி ரெண்டு ஏழு மூணு. கழிச்சா... சரி. அடுத்தது... சரி."

கடைசி வரியில் விரல் நின்றது.

"நூத்தி ஒண்ணு புள்ளி நாலு ஆறு ஒண்ணு. வரவேண்டியது நூத்தி ஒண்ணு புள்ளி நாலு ரெண்டு ஆறு."

பென்சில் அந்த எண்ணைச் சுற்றி வட்டம் போட்டு, பக்கத்தில் ஒரு பெருக்கல் குறியும் போட்டது. தாள் இடப்பக்கக் குவியலுக்குப் போயிற்று. சாப்பாட்டு மேசையின் இடப்பக்கம் தவறுகளுக்கு, வலப்பக்கம் சரிகளுக்கு. இடப்பக்கக் குவியல் தண்ணீர்ச் சொம்பின் கழுத்துவரை வளர்ந்துவிட்டது. வலப்பக்கம் மேசை விரிப்பின் பூக்கள் மட்டும் தெரிந்தன.

"கொஞ்சம் மெதுவா ஓதேன்," என்றார் கணவர், சோபாவிலிருந்து. "செய்தி வாசிக்கிறவ என்ன சொல்றான்னே கேக்கல. ரெண்டு பேரும் சேர்ந்து வாசிக்கிறீங்க."

"வாய்விட்டுச் சொன்னாத்தான் கண்ணு தப்புப் பண்ணாது. அது சாலைத்துறையில வந்த பழக்கம். இனிமே போகாது."

"பழக்கம் போகலன்னா போகுது. சத்தமாவது போகட்டும்."

மனைவி தாளைப் புரட்டினார். அடுத்த தாளும் நாலு ஐந்து ஒன்பது. அதற்கடுத்தது நாலு ஆறு மூன்று. எல்லாமே மூன்றரை சென்டிமீட்டர் கூடுதல், ஒரே பக்கமாக. சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த தங்கை மகள் குழாயை மூடிவிட்டு ஒரு கணம் நின்றாள். பிறகு மறுபடியும் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

பொறியியல் கல்லூரியில் நில அளவை சொல்லிக்கொடுப்பவர் அவர். அன்று திருத்திக்கொண்டிருந்தது செய்முறைத் தேர்வு. கல்லூரி வாசலில், கேட் தூணுக்கு அருகில் ஒரு கல் பதித்திருக்கிறது. அதன் தலையின் உயரத்தை நூறு மீட்டர் என்று வைத்துக்கொள்ள வேண்டும். லெவல் என்ற கருவியை முக்காலியில் ஏற்றி, அதன் கண்ணாடிக் குழாயில் இருக்கும் காற்றுக் குமிழியை நடுவுக்குக் கொண்டுவந்து, கோடு போட்ட நெட்டைக் கம்பைப் பின்னால் ஒருமுறை, முன்னால் ஒருமுறை பார்த்துக் குறித்துக்கொண்டே இடம் மாறி இடம் மாறிப் போனால், மைதானத்துக்கு அப்பால் இருக்கும் தண்ணீர்த் தொட்டி வரும். தொட்டியின் அடிமேடையில் ஓர் ஆணி. அந்த ஆணியின் உயரம் என்ன என்பதுதான் கேள்வி. கண்டுபிடித்தபின் அதேபோல் அளந்துகொண்டே கேட் கல்லுக்குத் திரும்பி வந்தால் மறுபடியும் நூறு வர வேண்டும். வராவிட்டால் நடுவில் எங்கோ கோளாறு. இருவர் இருவராகப் போய்ச் செய்யும் தேர்வு. ஒருவர் அளக்க, மற்றவர் கம்பு பிடிப்பார்; பிறகு கை மாறும்.

ஆணியின் உண்மையான உயரத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குள் வந்தால் தேர்ச்சி. அதற்குள் எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு உயர்ந்த தரம். எல்லாரும் நெருங்கினால் எல்லாருக்கும் முதல் தரம். அதனால் மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'ஒரு சென்டி'. முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான். ஆனால் அவருக்கும் தெரியும். வேறு பெயர் வைத்திருந்தால்தான் வருத்தப்பட்டிருப்பார்.

திருத்த இன்னும் இரண்டு தாள்கள் மிச்சமிருந்தன. மற்றத் தாள்களைப்போலவே இவற்றிலும் பெயர் இல்லை, தேர்வெண் மட்டும்தான். ஏழு என்ற எண்ணின் வயிற்றில் குறுக்கே கோடு போடும் கையெழுத்து ஒன்று. அது யாருடைய கை என்று அவருக்குத் தெரியும். வீட்டுப் பால் கணக்கையும் துணிக் கணக்கையும் அதே கைதான் எழுதுகிறது. விரல் இறங்கியது. உதடு இறங்கியது.

"நூத்தி ஒண்ணு புள்ளி நாலு ரெண்டு ஆறு."

ஒரு மில்லிமீட்டர்கூடப் பிசகவில்லை. கேட் கல்லுக்குத் திரும்பியபோது நூறுக்கு நூறு. கூடக் கம்பு பிடித்த தோழியின் தாளிலும் அதே எண். இரண்டும் வலப்பக்கம் போயின. பூப்போட்ட விரிப்பின்மேல் அவை இரண்டும் விருந்துக்கு முதலில் வந்துவிட்ட ஆட்களைப்போலத் தனியாகக் கிடந்தன.

அவருக்குச் சந்தோஷம் வந்தது. அது வந்த வேகத்திலேயே சந்தேகமும் வந்தது. ஆனால் தப்பான ஆட்கள்மேல் வந்தது. மொத்த வகுப்பும் கூடிப் பேசி ஒரே தப்பை எழுதியிருக்கிறது. ஒருத்தன் தாளைப் பார்த்து ஊரே எழுதியிருக்கிறது என்று முடிவுகட்டி, தாள்களை நாடாவால் கட்டினார்.

"பெரியம்மா, டீ போடட்டுமா?" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. மதிப்பெண் பற்றி அவள் எதுவும் கேட்கவில்லை. கேட்காததை அன்று அவர் நல்ல பழக்கம் என்று நினைத்துக்கொண்டார்.

*

அந்தக் கல்லூரியில் அதுவரை எல்லாத் தேர்வுக்கும் வளைவுதான். மதிப்பெண்களை உயரத்திலிருந்து பள்ளத்துக்கு வரிசையாக அடுக்குவார்கள். தலையில் ஒரு சிலருக்கு முதல் தரம், நடுவில் பெருங்கூட்டத்துக்கு இரண்டும் மூன்றும், காலடியில் ஒரு சிலருக்குத் தோல்வி. வரைந்து பார்த்தால் கவிழ்த்த மணி மாதிரி இருக்கும். எத்தனை பேருக்கு என்ன தரம் என்பது தேர்வுக்கு முன்பே முடிவாகிவிடும். யார் யார் என்பதுதான் பிறகு தெரியும். இதனால் பக்கத்தில் இருப்பவன் சறுக்கினால் தனக்கு ஒரு படி ஏற்றம் என்று பையன்களும் பெண்களும் கணக்குப் போட்டார்கள். முன்னால் போன குழு தரையில் போட்ட சுண்ணாம்புக் குறியைச் செருப்பால் தேய்த்துவிட்டுப் போகும். பின்னால் வரும் குழு, குறி எங்கே என்று குனிந்து தேடிக்கொண்டிருக்கும். பாடக்குறிப்பைக் கேட்டால் "வீட்ல இருக்கு" என்பார்கள். வீட்டுக்குப் போய்க் கேட்டால் "காலேஜ்ல இருக்கு" என்பார்கள்.

வளைவின் பலனை அவர் சாலைத்துறையில் பார்த்தவர். ஆசிரியை ஆவதற்கு முன் பல வருடம் முக்காலியைத் தோளில் போட்டுக்கொண்டு புதுச் சாலைகளுக்கு மட்டம் பார்த்தார். அங்கே ஒரு பொறியாளர், முதல் தரத்தில் தேறியவர், ஒரு சிறு பாலத்துக்கு மட்டம் குறித்துக் கொடுத்தார். மழை வந்ததும் தண்ணீர் பாலத்துக்குள் வந்து, யோசித்து, திரும்பிப் போயிற்று. விசாரித்தபோது, அவர் படித்த வருடம் வகுப்பே மந்தம், அந்த மந்தத்தில் அவர் முதல் என்று தெரிந்தது. "தண்ணி என்ன, உங்க வகுப்புல யார் முதல்னு கேட்டுட்டா ஓடுது?" என்று இவர் கேட்டதற்கு, பேச்சு நீளம் என்று குறிப்பெழுதி இவரைத்தான் வேறு பிரிவுக்கு மாற்றினார்கள்.

ஒப்பந்தத்தில் கல்லூரிக்கு வந்தபின், வருடாவருடம் கேட்டுக் கேட்டு, இந்த ஒரு பாடத்துக்கு மட்டும் வளைவு வேண்டாம் என்று அனுமதி வாங்கினார். துறைத்தலைவர் கையெழுத்துப் போடும்போது, "ஒரு தடவை பாப்போம். சரியா வரலேன்னா அப்புறம் இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது," என்றார். தங்கை மகள் வகுப்பில் இருப்பதையும் இவர் அப்போதே சொல்லிவிட்டார். "விடை ஒரு எண்ணுதானே. எண்ணுக்குச் சொந்தபந்தம் ஏது?" என்று அவரே சிரித்துக்கொண்டு சொன்னார்.

இப்போது துறைத்தலைவர் சிரிக்கவில்லை. தாள்களைப் புரட்டிவிட்டு, கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"மொத்த வகுப்பும் ஃபெயில். ரெண்டு பேர் பாஸ். அதுல ஒண்ணு உங்க வீட்டுப் பொண்ணு. இன்னொண்ணு அவகூடக் கம்பு பிடிச்ச பொண்ணு."

"ஆமா சார்."

"இதை நான் மேல அனுப்பினா என்ன நெனப்பாங்க?"

"மத்தவங்க எல்லாரும் பேசி வச்சு எழுதியிருக்காங்கன்னு நான் நெனக்கிறேன்."

"நீங்க அப்படி நெனக்கிறீங்க. அவங்க வேற மாதிரி நெனப்பாங்க. நானும் வேற மாதிரி நெனச்சிட்டுத்தான் இருக்கேன்." அவர் தாள்களை இவர் பக்கம் தள்ளினார். "பேசாம வளைச்சுப் போட்டுடுங்க மேடம். வரிசையா அடுக்குங்க, மேல கொஞ்சம், கீழ கொஞ்சம், முடிஞ்சது. யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க. வளைவுல அதுதான் வசதி."

"எல்லாரும் தப்பா எழுதினாலும் அதுல ஒருத்தனுக்கு முதல் தரம் குடுத்துடுவோம். அந்த வசதிதானே?"

"வெள்ளிக்கிழமை மதியத்துக்குள்ள பட்டியல் வரணும். வளைவோட வந்தா நல்லது. வளைவில்லாம வந்தா, யாரு கேட்டாலும் சொல்ற மாதிரி வரணும். இல்லேன்னா தேர்வு வேலையிலேருந்து உங்களை எடுக்கறதைத் தவிர எனக்கு வழி இல்ல. ஒப்பந்தம் புதுப்பிக்கிற மாசம் வேற."

கடைசி வாக்கியத்தை அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

*

வெளியே தாழ்வாரத்தில், அறிவிப்புப் பலகையைப் படிப்பதுபோல் ஒரு பெண் நின்றிருந்தாள். வகுப்பின் பிரதிநிதி. எதற்கும் வாதம் செய்வதால் கூட இருப்பவர்கள் அவளை 'வக்கீல்' என்று கூப்பிடுவார்கள். பலகையில் இருந்தது போன வருட விளையாட்டு விழா அறிவிப்பு.

"எவ்வளவு நேரம் அதையே படிப்ப?" என்று கேட்டார் ஆசிரியை.

"நீங்க வர்ற வரைக்கும்." அவள் திரும்பினாள். "நாங்க எல்லாரும் ஃபெயிலாமே மேடம்?"

"யாரு சொன்னா?"

"ரெண்டு பேர் பாஸ்னும் சொன்னாங்க. அதுல ஒருத்தி உங்க வீட்ல தூங்கறா."

"தூங்கறதுக்கும் மட்டம் பாக்கறதுக்கும் என்ன சம்பந்தம்?"

"அதைத்தான் மேடம் நாங்களும் கேக்கறோம்."

ஆசிரியைக்குக் காது சூடாயிற்று. "உங்க எல்லாருக்கும் ஒரே தப்பு எப்படி வந்துச்சு? அதை முதல்ல சொல்லு. மூணரை சென்டிமீட்டர், எல்லாருக்கும் ஒரே பக்கம். காப்பி அடிக்கறதுலகூட ஒரு ஒழுங்கு வேணாமா?"

"வளைவு இருந்தவரைக்கும் ஒருத்தர் எண்ணை ஒருத்தருக்குக் காட்ட மாட்டோம். இந்தத் தடவை இல்லேன்னு நீங்க சொன்னதும் ஒண்ணா உக்காந்து படிச்சோம். நெசந்தான். குமிழியை எப்படி நிறுத்தறது, கம்பை எப்படிச் சாயாம பிடிக்கறதுன்னு தெரிஞ்சவங்க தெரியாதவங்களுக்குச் சொல்லிக்குடுத்தாங்க. ஆனா பரீட்சையில அவங்கவங்க கண்ணுதான் மேடம். நீங்க நம்பலேன்னா போங்க."

"நம்பல."

"நாங்களும் உங்களை நம்பல," என்றாள் அவள். மரியாதைக் குறைவு எதுவும் இல்லாமல், கடையில் மிச்சம் இல்லை என்று சொல்வதுபோல் சொன்னாள்.

*

ஆசிரியர் அறையில் மேசைவிசிறிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, அவர் நாடாவை அவிழ்த்தார். காப்பியைக் கண்டுபிடிக்க வேண்டும் என்றுதான் உட்கார்ந்தார். இடப்பக்கக் குவியலின் விடைகளை ஒரு தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினார். நாலு ஆறு ஒன்று. நாலு ஐந்து எட்டு. நாலு ஆறு மூன்று. நாலு ஆறு பூஜ்யம். நாலு ஐந்து ஏழு. எழுத எழுத பென்சில் மெதுவாயிற்று.

காப்பி அடித்தவன் எண்ணை அப்படியே எடுப்பான். கொஞ்சம் கெட்டிக்காரன் என்றால் ஒன்றைக் கூட்டுவான். இந்த எண்கள் அப்படி இல்லை. ஒரு இலக்கைச் சுற்றிக் கல்லெறிந்ததுபோல் முன்னும் பின்னும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் சிதறியிருந்தன. கேட் கல்லுக்குத் திரும்பியபோதும் அப்படியே: ஒருத்தருக்கு இரண்டு மில்லிமீட்டர் கூட, ஒருத்தருக்கு மூன்று குறைய. நேர்மையான கை நடுங்கும். வெயிலில் கம்பின் கோடு அலை அலையாகத் தெரியும், பிடிக்கிறவனுக்குக் கை கடுக்கும், பார்க்கிறவனுக்குக் கண் கரிக்கும். அந்த நடுக்கம் எண்ணில் இருந்தே தீரும்.

பிறகு வலப்பக்கத் தாள்கள் இரண்டையும் எடுத்தார். அவற்றில் நடுக்கமே இல்லை. விடை மில்லிமீட்டர் பிசகாமல் சரி, திரும்பி வந்ததும் பிசகாமல் நூறு. அளவுகளைக் கவனித்தார். தொட்டியை நோக்கிப் போனபோது எழுதிய வரிகளில் பாதியும், திரும்பி வந்தபோது எழுதியவற்றில் பாதியும் பூஜ்யத்திலோ ஐந்திலோ முடிந்தன. சாலைத்துறையில் வெயிலுக்குப் பயந்து மரத்தடியில் உட்கார்ந்தே அளவு எழுதுபவர்கள் இருந்தார்கள். அதற்கு அங்கே 'சமைக்கிறது' என்று பெயர். சமைத்த எண்கள் எப்போதும் பூஜ்யத்தையும் ஐந்தையும் தேடிப் போகும். மனிதனுக்கு விரல் ஐந்து என்பதாலோ என்னவோ.

அவர் தாள்களைக் கவிழ்த்து வைத்தார். சமைத்தது சரியாக வந்து, உழைத்தது தப்பாக வந்திருக்கிறது. அப்படியானால் சரி எது என்று சொன்ன எண்ணைத்தான் பிடித்து விசாரிக்க வேண்டும். அந்த எண்ணைச் சொன்னது அவரேதான். கல்லூரியில் சேர்ந்த வருடம் அளந்தது. கல் எங்கே போகப்போகிறது என்று அதன்பின் அளக்கவே இல்லை.

கேட்டுக்குப் போய்க் குனிந்து பார்த்தார். கல் நேராகத்தான் நின்றது. தலையில் தீட்டிய மஞ்சள் வண்ணம்கூட அப்படியே இருந்தது. ஆனால் கல்லைச் சுற்றி மண்ணின் நிறம் வேறாக இருந்தது. ஆய்வகத்தில் கருவிகளைப் பார்த்துக்கொள்பவர், ஒல்லியாக, கொத்தனார் நூலில் தொங்கவிடும் குண்டுபோல ஆடாமல் அசையாமல் நிற்பவர், எல்லாரும் 'தூக்குக்குண்டு' என்று கூப்பிடுபவர், பின்னாலேயே வந்தார்.

"இங்க என்ன தோண்டினாங்க?" என்று கேட்டார் ஆசிரியை.

"லீவுல குழாய் போட்டாங்களே மேடம். பள்ளம் கல்லுக்குப் பக்கத்துல வந்துச்சு. கல்லைத் தொடல, தொடலன்னு சத்தியம் பண்ணினாங்க."

"நீங்க பாத்தீங்களா?"

"சத்தியம் பண்ணினதைப் பாத்தேன்."

ஆசிரியை சிரிக்கவில்லை. "லெவலை எடுத்துட்டு வாங்க. அந்த வக்கீல் பொண்ணையும் கூப்பிடுங்க."

*

நூலகச் சுவரின் அடியில், கட்டடம் கட்டியபோதே அஸ்திவாரத்தோடு சேர்த்துப் பதித்த ஒரு பித்தளைக் குமிழ் உண்டு. பூச்செடிகள் மறைத்துவிட்டதால் மாணவர்கள் அந்தப் பக்கம் போவதில்லை. அந்தக் குமிழை வைத்துத்தான் ஆசிரியை முன்பு கேட் கல்லையும் தொட்டி ஆணியையும் அளந்திருந்தார். இப்போது அங்கேயே முக்காலியை ஊன்றினார். கருவியின் அடியிலுள்ள மட்டத் திருகுகள் இரண்டை உள்நோக்கி ஒருசேரத் திருப்பினார். கருவியின் காற்றுக் குமிழி தயங்கித் தயங்கி நடுவுக்கு வந்தது.

"நீ கம்பு பிடி," என்றார்.

வக்கீல் கம்பைத் தொடவில்லை. "நீங்க பாத்து, நீங்க எழுதி, நீங்களே கணக்குப் போட்டா, நான் எதுக்கு மேடம்? கம்புக்கு முட்டுக்கொடுக்கவா?"

"வேற என்ன பண்ணணுங்கற?"

"நான் பாக்கறேன். நீங்க பிடிங்க."

தூக்குக்குண்டு தொண்டையைச் செருமினார். ஆசிரியை ஒரு கணம் அவளையே பார்த்தார். பிறகு புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, கம்பை வாங்கிக் குமிழின்மேல் நிறுத்தினார்.

"படிச்ச உடனே சத்தமா சொல்லு. நான் இங்கேருந்து எழுதிக்கறேன். நீயும் எழுதிக்கோ. கடைசியில ரெண்டையும் ஒத்துப் பாக்கலாம்."

"நீங்க மாத்தி எழுதிட்டா?"

"அதுக்குத்தான் அவரு இருக்காரே. அவரும் எழுதட்டும்."

இப்படி ஒருவரை ஒருவர் நம்பாமல், மூன்று பேர் மூன்று தாளில் எழுதிக்கொண்டு, குமிழிலிருந்து தொட்டிக்குப் போனார்கள். தொட்டியிலிருந்து கேட்டுக்கு வந்தார்கள். கேட்டிலிருந்து குமிழுக்குத் திரும்பினார்கள். வழியில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். 'ஒரு சென்டி' கம்பு பிடிப்பதை யாரும் பார்த்ததில்லை. ஒரு முறை கம்பு சாய்ந்தபோது, "இடது பக்கம் சாயுது மேடம், கொஞ்சம் நிமிருங்க," என்று வக்கீல் கத்தினாள். அதில் அவளுக்கு இருந்த திருப்தி மைதானத்துக்கு அந்தப் பக்கம்வரை கேட்டது.

குமிழுக்குத் திரும்பியபோது ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் வந்தது. மூன்று தாளும் ஒத்துப்போயின. கேட் கல் மூன்றரை சென்டிமீட்டர் இறங்கியிருந்தது.

வக்கீல் கணக்கை மறுபடி போட்டாள். பிறகு சந்தேகத்தோடு நிமிர்ந்தாள். "இந்தக் குமிழ் நகரலேன்னு என்ன நிச்சயம்?"

"நல்ல கேள்வி. குமிழுக்கும் ஆணிக்கும் அன்னிக்கு இருந்த அதே வித்தியாசம் இன்னிக்கும் இருக்கு. ஒண்ணு இந்த மூலை, ஒண்ணு அந்த மூலை. ரெண்டும் பேசி வச்சு ஒரே அளவு இறங்குமா?"

"நாங்க பேசி வச்சு எழுதினோம்னு மட்டும் சொன்னீங்க."

ஆசிரியை கம்பை மடக்கினார். "தப்புதான். கல் கீழ போயிடுச்சு. அதை நூறுன்னு வச்சு அளந்தா ஆணி அவ்வளவு மேல போகத்தானே செய்யும். அந்தக் கல்லிலேருந்து நீங்க எல்லாரும் அளந்தது சரி. நான் வச்சிருந்த விடைதான் பழசு."

அவள் முகம் மலர்ந்து, உடனே சுருங்கியது. "அப்போ அந்தப் பழைய நம்பரை எழுதினவங்க? கல் கீழ போனப்புறம் அந்த நம்பர் எப்படி மேடம் வரும்?"

ஆசிரியை கருவியைப் பெட்டிக்குள் வைத்து, தாழ்ப்பாளை இருமுறை சரிபார்த்தார்.

"வராது," என்றார்.

*

மாலையில் சாப்பாட்டு மேசையின் ஒரு பக்கம் அவரும், எதிரே தங்கை மகளும் உட்கார்ந்திருந்தார்கள். சோபாவில் கணவர் செய்தியின் சத்தத்தைத் தானாகவே குறைத்தார்.

"நீ அளந்தியா, இல்லையா?"

"அளந்தேன் பெரியம்மா."

"எவ்வளவு வந்துச்சு?"

அவள் மேசை விரிப்பின் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். "நாலு ஆறு பூஜ்யமோ என்னமோ. ரெண்டு தடவை பாத்தோம். ரெண்டு தடவையும் அதான் வந்துச்சு."

"அப்புறம் ஏன் அழிச்ச?"

"தப்புன்னு நெனச்சேன். நாலு ரெண்டு ஆறுதானே வரணும். எனக்கு எப்பவுமே கை ஆடும், அதான் தப்பா வருதுன்னு... போற வழியில கொஞ்சம், வர்ற வழியில கொஞ்சம்னு பிரிச்சு மாத்திட்டேன். அவளுக்கும் நான்தான் சொன்னேன். அவ மேல தப்பில்ல."

"நாலு ரெண்டு ஆறுன்னு உனக்கு யாரு சொன்னா?"

அவள் பிரித்த நூலை விரலில் சுற்றினாள்.

"அந்த எண் இருக்கற நோட்டைப் பீரோவுல பூட்டித்தான் வச்சிருந்தேன். சீனியர் யாராவதா? தூக்குக்குண்டா? சொல்லு. துறைத்தலைவர் என்னைக் கேப்பாரு, நான் அவருக்குப் பதில் சொல்லணும்."

"நீங்கதான் பெரியம்மா."

"நானா?"

"நீங்கதான் வருஷா வருஷம் இந்த மேசையில உக்காந்து சொல்லிட்டே இருப்பீங்களே. நான் இங்க வந்த நாள்லேருந்து கேக்கறேன். வேணும்னு கேக்கல. காதுல விழுந்துச்சு."

ஆசிரியை மறுத்துச் சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் சோபாவிலிருந்து, தலையைத் திருப்பாமலேயே, கணவர் சொன்னார்:

"நூத்தி ஒண்ணு புள்ளி நாலு ரெண்டு ஆறு."

பூட்டின பீரோவும், மடித்துக் கட்டின நாடாவும், இத்தனை வருட ஜாக்கிரதையும் அந்த ஒரு வரியில் சந்தி சிரித்தன. யார் யாரையோ சந்தேகப்பட்ட மனசு, தன் வாயை மட்டும் விட்டுவிட்டிருந்தது.

"என்னை ஃபெயில் ஆக்கிடுவீங்களா?" என்று கேட்டாள் அவள்.

"இப்போ சரியான விடை நாலு ஆறு ஒண்ணு. உன் தாள்ல இருக்கறது நாலு ரெண்டு ஆறு. ஒரு சென்டிமீட்டருக்குள்ள இருக்கா?"

அவள் தலையசைத்தாள். இல்லை என்று.

"உன் கண்ணு பாத்ததை நம்பியிருந்தா முதல் தரம். என் வாயை நம்பிக் கெட்ட." அவர் குரல் சற்று இறங்கியது. "அடுத்த பருவத்துல மறுபடி அளக்கலாம். கை ஆடினா ஆடட்டும். ஆடற கைக்குத்தான் ஒரு சென்டிமீட்டர் விட்டு வச்சிருக்கு."

"அம்மாகிட்ட யாரு சொல்றது?"

"நீதான். உங்கம்மா என்னைத் திட்டணும்னா அப்புறம் போன் பண்ணட்டும்."

*

வெள்ளிக்கிழமை காலையில் துறைத்தலைவர் பட்டியலை இரண்டு முறை படித்தார். பட்டியலோடு ஒரு பக்க விளக்கமும் இருந்தது. கேட் கல் இறங்கியது, அளந்த முறை, மூன்று தாள்களின் பிரதி, பழைய விடை எங்கிருந்து எப்படி வெளியே போயிற்று என்பது வரை.

"முதல்ல எல்லாரும் ஃபெயில், ரெண்டு பேர் பாஸ். இப்போ எல்லாரும் பாஸ், அதே ரெண்டு பேர் ஃபெயில்," என்றார். "பாதிக்கு மேல முதல் தரம். மேல இருக்கறவங்க இதை நம்புவாங்கன்னு நெனக்கிறீங்களா?"

"நம்ப வேணாம் சார். வந்து அளந்து பாக்கட்டும். கல்லும் ஆணியும் அங்கதான் இருக்கு. கல்லுதான் கொஞ்சம் கீழ இருக்கு."

"உங்க தங்கச்சி?"

"ரெண்டு நாளா பேசல."

அவர் விளக்கத் தாளின் கடைசிப் பத்தியில் பேனாவின் பின்பக்கத்தால் தட்டினார். "இது எதுக்கு? நீங்க வீட்ல வாய்விட்டுப் படிச்சீங்க, அது ஒருத்தி காதுல விழுந்துச்சு... இதை யாரு கேட்டா? இதை எடுத்துட்டா மத்ததெல்லாம் சுத்தமா இருக்கு. இது இருந்தா விசாரணைன்னு ஒண்ணு வரும். ஒப்பந்தத் தாள் இன்னும் என் மேசையிலதான் இருக்கு. நான் சொல்றது புரியுதா?"

"புரியுது சார்."

"அப்போ?"

"அந்தப் பத்தி இல்லேன்னா அந்த ரெண்டு பேருக்கும் அந்த எண் எப்படி வந்துச்சுன்னு யாராவது கேப்பாங்க. அப்போ அவங்க திருடினாங்கன்னு ஆயிடும். அவங்க திருடல. நான் குடுத்தேன். குடுத்தது தெரியாம குடுத்தேன்."

துறைத்தலைவர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். இதில் வேறு ஏதாவது தந்திரம் இருக்குமோ என்று தேடும் பார்வை. இருப்பதாகத் தெரியவில்லை. இருந்தாலும் பார்வையை அவர் உடனே எடுத்துவிடவில்லை.

"சரி, பட்டியலைக் கடைசியா ஒரு தடவை பாருங்க. கையெழுத்து இருக்கான்னு பாத்துக் குடுங்க."

ஆசிரியை தாள்களைத் தம் பக்கம் திருப்பிக்கொண்டார். ஆள்காட்டி விரல் மேலிருந்து கீழாக ஒவ்வொரு தேர்வெண்ணாக, ஒவ்வொரு தரமாக இறங்கியது. வழக்கத்தைவிட அதிக நேரம் பிடித்தது. உதடு அசையவில்லை. ஏழின் வயிற்றில் கோடு போடும் கையின் தேர்வெண்ணுக்கு வந்தபோது விரல் ஒரு கணம் நின்று, மேலே போகாமல் கீழேதான் போயிற்று. கடைசி வரியில் தம் கையெழுத்தைப் பார்த்தார். தாள்களின் ஓரத்தை மேசைமேல் தட்டி நேராக்கி, விளக்கத் தாளையும் அதன்மேல் வைத்து, இரண்டு கைகளாலும் எடுத்து அவரிடம் கொடுத்தார்.